பவுண்டரி எஸ்டேட்டின் 15 ஒற்றை அறைகள்

கிழக்கு லண்டனின் ஷோர்டிட்ச் பகுதியில் 1900 மார்ச் 3ஆம் நாள் வேல்ஸ் இளவரசர் எட்வர்டு திறந்துவைத்த பவுண்டரி எஸ்டேட், அரசு அமைப்பு ஒன்று தன் பணத்தில், தன் கட்டடக் கலைஞர்களைக் கொண்டு எழுப்பிய தொடக்ககாலக் குடியிருப்புகளுள் மிக அழகானது என்பது என் கருத்து. காலத்தால் முந்தியது அதுவல்ல. லிவர்பூல் நகராட்சி 1869இலேயே செயின்ட் மார்ட்டின்ஸ் காட்டேஜஸ் என்ற வீடுகளைக் கட்டிவிட்டது. ஆனால், இடிப்பது, தெருவமைப்பது, கட்டுவது, வாடகைக்கு விடுவது ஆகிய அனைத்தையும் ஒரு முழு வட்டாரத்துக்கும் சேர்த்து ஒரே நிர்வாகம் சிந்தித்துச் செய்த முயற்சி என்ற வகையில், பிற்காலப் பொதுக் குடியிருப்புகளின் எல்லாச் சிக்கல்களையும் இங்கேயே பார்த்துவிடலாம்.

அந்த இடத்தில் முன்பு இருந்தது ஓல்டு நிக்கோல். சுமார் 15 ஏக்கர் பரப்பில் 5,719 பேர் நெருக்கியடித்து வாழ்ந்த இடம் அது. அங்கே இறப்பு விகிதம், அது பெரும்பாலும் அடங்கியிருந்த பெத்னல் கிரீன் வட்டாரத்தின் பிற பகுதிகளைப்போல ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை என்பதே அங்கு வழக்கம். அந்த அறையிலேயே தீப்பெட்டி ஒட்டுவதும் சிறு மரவேலை செய்வதும் நடக்கும். 1889இல் உருவான, லண்டனின் உள்ளாட்சி அமைப்பான லண்டன் கவுண்டி கவுன்சில், மறு ஆண்டே நிறைவேறிய தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டத்தின் துணையோடு, இந்த வட்டாரம் முழுவதையும் அகற்றிவிட்டுப் புதிதாகக் கட்ட முடிவு செய்தது.

அதற்கு முன் லண்டனில் ஏழைகளுக்கான அடுக்ககங்களைக் கட்டியவை பெரும்பாலும் அறக்கட்டளைகளும், முதலீட்டாளருக்கு ஆண்டுக்கு 5 விழுக்காடு ஆதாயம் தருவதாகச் சொன்ன நிறுவனங்களுமே. 1864 முதல் எழும்பிய பீபாடி அறக்கட்டளைக் கட்டடங்களில் முற்றத்தைச் சுற்றி ஒரே மாதிரியான சுவர்களும், மாடிதோறும் பலரும் பகிர்ந்துகொள்ளும் கழிப்பறையும் தொட்டியும் இருந்தன. படைவீரர் குடியிருப்பின் சாயல் அவற்றில் தூக்கலாகத் தெரியும். பவுண்டரி எஸ்டேட்டை வடிவமைத்த ஓவன் பிளெமிங்கும் அவருடைய இளம் சகாக்களும் விலக நினைத்தது அந்தச் சாயலிலிருந்துதான். முதலில் வரையப்பட்ட கட்டம்போட்ட தெருவமைப்பைக் கைவிட்டு, நடுவில் ஒரு வட்டத்தையும் அதிலிருந்து விரியும் ஏழு தெருக்களையும் அவர்கள் வரைந்தார்கள். ஆர்னால்டு சர்க்கஸ் எனப்படும் அந்த வட்டத்தின் நடுவிலுள்ள மேடு, இடித்த வீடுகளின் இடிபாடுகளைக் கொட்டி எழுப்பியது. செங்கல்லில் சிவப்பும் வெளிர்மஞ்சளும் பட்டை பட்டையாக மாறிமாறி வர, ஒவ்வொரு கட்டடமும் தனக்கெனக் கூரை வடிவமும் முகப்பும் கொண்டிருந்தது. கட்டடங்களுக்குத் தேம்ஸ் ஆற்றின் மேற்பகுதியில் இருக்கும் ஊர்களின் பெயர்களைச் சூட்டினார்கள். பெரும்பாலான வீடுகளுக்குள்ளேயே கழிப்பறை இருந்தது, குளியலறை இல்லை. குளிக்கவும் துணி துவைக்கவும் பொதுக் கட்டடம் ஒன்று தனியாகக் கட்டப்பட்டது. வேலை செய்யப் பட்டறைகளும் உண்டு. மதுக்கடைக்கு மட்டும் இடமில்லை. ஏழையின் ஒழுக்கத்துக்குத் தாங்களே பொறுப்பு என்ற அக்காலச் சீர்திருத்தக்காரர்களின் எண்ணம் இதில் ஒளிவுமறைவின்றித் தெரிகிறது.

இத்தனை அக்கறையோடு கட்டிய வீடுகளின் கணக்கைப் பார்க்கும்போதுதான் நான் தடுமாறுகிறேன். மொத்த வீடுகள் 1,069. அவற்றில் இரண்டு அறை வீடுகள் 541, மூன்று அறை வீடுகள் 400, நான்கு அறை வீடுகள் 103, அதைவிடப் பெரியவை 10. ஒற்றை அறை வீடுகள் வெறும் 15. ஒரு குடும்பம் ஓர் அறையில் வாழக்கூடாது என்பது நல்ல கொள்கை. அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால், ஓர் அறைக்கே வாடகை கொடுக்கத் திணறியவர் இரண்டு அறைக்கு எப்படிக் கொடுப்பார் என்ற கேள்விக்கு வரைபடத்தில் விடை கிடையாது. கட்டுமானச் செலவையும் கடன் வட்டியையும் வாடகையிலிருந்தே ஈடுகட்ட வேண்டும், வரி செலுத்துவோர்மேல் அந்தச் சுமையை ஏற்றக்கூடாது என்பது கவுன்சிலின் விதி. அறையைப் பெரிதாக்கியதும் தரமான செங்கல்லை அடுக்கியதும் அந்த விதியின் வழியாக வாடகையில்தான் வந்து விழுந்தன. உள்வாடகைக்கு ஆள் வைத்துச் சமாளிக்கும் வழியும் அடைக்கப்பட்டது.

ஓல்டு நிக்கோலில் இருந்த 5,719 பேரில் புதிய வீடுகளுக்குக் குடிவந்தவர்கள் 11 பேர் என்பதே பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. மற்றவர்கள், கட்டடங்கள் எழும்பும் முன்பே பெத்னல் கிரீனின் பிற தெருக்களுக்கும் ஹாக்னி பக்கமும் சிதறிப்போய், அங்கிருந்த நெரிசலைக் கூட்டினார்கள். அவர்களுடைய இடத்தில் எழுத்தர்களும் காவலர்களும் நிலையான ஊதியம் பெற்ற கைவினைஞர்களும் குடியேறினார்கள். பிளெமிங்கின் குழுவை இதற்காகக் குறைசொல்வது நியாயமாகாது; வாடகை விதி அவர்கள் எழுதியதல்ல. எனினும், வீட்டு வடிவமைப்பைப் பற்றிப் பேசும் பலர் செங்கல் பட்டைகளையும் மேட்டையும் வியந்துவிட்டு இந்தக் கணக்கை அடிக்குறிப்புக்குத் தள்ளிவிடுவது எனக்கு உறுத்துகிறது. வாடகைப் பட்டியலும் வடிவமைப்பின் ஒரு பகுதியே.

கவுன்சில் அடுத்து நகரின் விளிம்புக்குப் போனது. டூட்டிங்கில் மலிவான நிலத்தில் டிராம் வசதியை நம்பிக் கட்டிய டோட்டர்டவுன் பீல்ட்ஸ் அதற்கு எடுத்துக்காட்டு. அங்கும் குடியேறியவர்கள் டிராம் கட்டணம் கொடுக்கக்கூடிய தொழிலாளர்கள்தாம். முதல் உலகப் போருக்குப் பின், 1919ஆம் ஆண்டின் அடிசன் சட்டம், உள்ளாட்சிக்கு வீடு கட்டுவதால் வரும் இழப்பு, சொத்துகளின் வரி மதிப்பில் பவுண்டுக்கு ஒரு பென்னி வரி விதித்தால் கிடைக்கும் தொகையைத் தாண்டினால் மீதியை அரசுக் கருவூலமே ஏற்கும் என்றது. ஏறத்தாழ 1,70,000 வீடுகள் அதன் கீழ் எழுந்தன. நல்ல வீடுகள், ஆனால் வாடகை மீண்டும் உயர்ந்தே இருந்தது. 1921இல் செலவுக் குறைப்பு என்ற பெயரில் திட்டம் முடக்கப்பட்டது. 1930இல் வந்த கிரீன்வுட் சட்டத்தில்தான் கணக்கிடும் முறை மாறியது. கட்டிய வீட்டின் எண்ணிக்கையை வைத்து மானியம் தருவதை விட்டுவிட்டு, இடிக்கப்பட்ட வீட்டிலிருந்து வெளியேற்றி மறுபடி குடியமர்த்திய ஒவ்வொரு நபருக்கும், 40 ஆண்டுகளுக்கு, ஆண்டுதோறும் இவ்வளவு என அது நிர்ணயித்தது. பெரிய குடும்பத்தைக் குடியமர்த்தும் உள்ளாட்சிக்கு அதிகப் பணம் கிடைத்தது. ஆர்னால்டு சர்க்கஸில் அத்தகைய விதி இருந்திருந்தால், 11 பேரைக் குடியமர்த்திய கவுன்சிலுக்குக் கிடைத்திருப்பது 11 பேருக்கான மானியம் மட்டுமே.