1.6 கிலோமீட்டர்: ட்ரெட்மில்லில் ஓடியதும் தரையில் ஓடியதும்

மத்திய ஆயுதக் காவல் படைகளின் காவலர் (பொதுப்பணி) தேர்வில் எழுத்துத் தேர்வைத் தாண்டிய பெண்கள் 1.6 கிலோமீட்டரை, அதாவது ஏறத்தாழ ஒரு மைலை, எட்டரை நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். ஆண்களுக்கு 24 நிமிடத்தில் 5 கிலோமீட்டர். இந்த ஓட்டத்துக்கு மதிப்பெண் கிடையாது. நேரத்துக்குள் வந்தால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம், தவறினால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். 2024 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கணினிவழியில் நடந்த அந்த எழுத்துத் தேர்வில்தான் முதன்முறையாகத் தமிழிலும் வினாக்கள் வந்தன. தமிழ்வழியில் படித்த நான் இந்த ஓட்டம் வரை வந்ததே அதனால்தான் என்பதால், ஓட்டத்தில் கோட்டைவிட்டுவிடக் கூடாது என்ற பயம் தேர்வு எழுதிய நாளிலிருந்தே எனக்கு இருந்தது.

எங்கள் ஊர் தேனி மாவட்டத்தில் ஆண்டிபட்டி. விடியற்காலை இருட்டில் தனியாக ஓட அம்மா சம்மதிக்கவில்லை. மாலையிலோ பள்ளி மைதானம் முழுக்கக் கிரிக்கெட் ஆடுவார்கள். ஆகவே பேருந்து ஏறித் தேனிக்குப் போய், பெண்களுக்கென்று நேரம் ஒதுக்கியிருந்த ஒரு ஜிம்மில் சேர்ந்து, மூன்று மாதம் ட்ரெட்மில்லில் மட்டுமே ஓடினேன். எட்டரை நிமிடத்தில் முடிக்க மணிக்கு 11.3 கிலோமீட்டர் வேகம் வேண்டும். மே மாதக் கடைசியில் நான் 11.8இல் வைத்து, திரையில் 8 நிமிடம் 8 வினாடிக்கு 1.6 கிலோமீட்டரைக் காட்டும்வரை ஓடிவிட்டேன். அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வேலை கிடைத்துவிட்டது போலவே இருந்தது.

எங்கள் தெருவில் ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் இருக்கிறார். பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் மாமாதான். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "மெஷின் சொல்ற டைமிங் இருக்கட்டும்மா, நாளைக்குக் காலையில தரையில ஓடிக் காட்டு" என்றார். மறுநாள் அம்மாவையும் அழைத்துக்கொண்டு பள்ளி மைதானத்துக்குப் போனோம். 200 மீட்டர் சுற்று, எட்டு ரவுண்டு. முடிவுக்கோட்டைத் தாண்டியபோது மாமாவின் கடிகாரத்தில் 9 நிமிடம் 10 வினாடி ஆகியிருந்தது. ஒவ்வொரு ரவுண்டின் நேரத்தையும் அவர் ஒரு பழைய நாட்காட்டித் தாளின் பின்புறம் எழுதியிருந்தார்: 52, 56, 66, 71, 76, 79, 78, 72.

இரண்டு நாள் நான் ஓடவே போகவில்லை. 62 வினாடி எங்கே போனது என்பதே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே ஓடும்போது எதிர்க்காற்று இல்லை, அதனால் எளிது என்று எல்லோரும் சொல்வதுண்டு. அது உண்மைதான்; ட்ரெட்மில்லை 1 சதவீதம் சாய்த்து வைத்தால் வெளியில் ஓடும் உழைப்புக்கு ஈடாகும் என்று ஜோன்ஸ், டவுஸ்ட் என்ற இருவர் 1996இல் ஆய்வு செய்து காட்டியிருக்கிறார்கள். ஆனால் என்னுடைய வேகத்துக்குக் காற்றில்லாத காலையில் அந்த வித்தியாசம் சிறியது. ஒரு நிமிடத்தை அது விழுங்கியிருக்க முடியாது.

அப்போதுதான் எனக்கு இயந்திரத்தின்மேலேயே சந்தேகம் வந்தது. தங்கையை அழைத்துக்கொண்டு ஜிம்முக்குப் போனேன். பெல்ட்டின் ஓரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்து, பெல்ட்டைக் கையால் நகர்த்தி நகர்த்தித் தையல் டேப்பால் சுற்றளவை அளந்தோம்: 3.3 மீட்டர். வேகத்தை 6இல் வைத்தேன். அந்த வேகத்தில் ஒரு நிமிடத்துக்கு 100 மீட்டர் பெல்ட் ஓட வேண்டும். அப்படியென்றால் சாக்பீஸ் கோடு முப்பது முறைக்குச் சற்று மேலாகவே தலைகாட்ட வேண்டும். ஆள் எடை ஏறினால் சில பெல்ட்டுகள் மெதுவாகிவிடும் என்பதால் நான் மேலே நடந்துகொண்டேயிருக்க, தங்கை தரையில் உட்கார்ந்து எண்ணினாள். 28. மறுபடி எண்ணினாள். மறுபடியும் 28.

அதாவது திரை 100 மீட்டர் என்று காட்டிய இடத்தில் நான் கடந்தது 92 மீட்டர் சொச்சம். அந்தக் கணக்கைப் போட்டால் என்னுடைய 8 நிமிடம் 8 வினாடி உண்மையில் 8 நிமிடம் 48 வினாடி ஆகிவிடுகிறது. தொலைந்த 62 வினாடியில் 40 வினாடி என் கால்களில் எந்நாளும் இருந்ததே இல்லை. ஜிம் நடத்திய அண்ணனிடம் கோட்டைக் காட்டி விளக்கினேன். வாங்கிய நாளிலிருந்து யாரும் சரிபார்த்ததில்லை என்று ஒப்புக்கொண்டார். தேர்வுக்குத் தயாராகும் எத்தனை பிள்ளைகள் இப்படித் திரையை நம்பிப் போய் மைதானத்தில் தோற்றிருப்பார்கள் என்று நினைத்தபோது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது.

மீதி 22 வினாடி என்னுடையது. நாட்காட்டித் தாளைப் பார்த்தாலே அது புரிந்தது. ட்ரெட்மில்லில் வேகத்தை நான் தீர்மானிப்பதில்லை. பெல்ட் இழுத்த இழுப்புக்குக் கால் போகும். தரையில் அப்படி வேகத்தைப் பிடித்துவைக்க எதுவும் இல்லாததால் முதல் ரவுண்டை 52 வினாடியில் ஓடி மூச்சைக் கொட்டிவிட்டு, ஆறாவது ரவுண்டில் 79க்கு விழுந்திருக்கிறேன். அதன்பின் பயிற்சியை மாற்றினோம். வாரத்தில் நான்கு நாள் மாமாவும் அம்மாவும் உடனிருக்க மைதானம். ஒவ்வொரு ரவுண்டும் 61 வினாடி, அதற்கு முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது. முதல் ரவுண்டில் 58 வந்தாலே மாமா நிறுத்தித் திரும்ப ஓட விடுவார். ட்ரெட்மில்லின் மெத்தென்ற பலகைக்குப் பழகிய கால் இறுகிய செம்மண்ணைத் தாங்கவில்லை. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலி இரண்டு வாரம் படுத்தியது.

ஜூன், ஜூலையில் எங்கள் ஊர்க் காற்று எப்படி இருக்கும் என்பது அங்கே வரிசையாக நிற்கும் காற்றாலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மைதானத்தின் மேற்கு நோக்கிய நேர்ப்பகுதியில் அது நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். திரும்பி வரும்போது அதே காற்று முதுகைத் தள்ளுவதால் சரியாகிவிடும் என்று நான் நினைத்திருந்தேன். ஆனால் எதிரில் இழந்த நேரம் முழுவதையும் அது ஒருபோதும் திருப்பித் தருவதில்லை. எதிர்க்காற்றில் கடிகாரத்தைப் பார்க்காமல் மூச்சின் அளவை மட்டும் ஒரே சீராக வைத்துக்கொள்ளப் பழகினேன். ஜிம்மையும் நான் விட்டுவிடவில்லை. மழை நாட்களில் 1 சதவீதச் சாய்வில், திரையில் 12.2 என்று வைத்து ஓடினேன். அந்த இயந்திரத்தில் அதுதான் உண்மையான 11.3.

உடற்திறன் தேர்வு நாளில் கைக்கடிகாரத்தை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். விசில் ஊதியதும் கூட்டமே பாய்ந்து ஓடியது. முதல் சுற்றில் நான் கடைசி ஐந்தாறு பேருக்குள்தான் இருந்தேன். காதுக்குள் மாமாவின் "அறுபத்தொண்ணு, அறுபத்தொண்ணு" மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது சுற்றில் முன்னால் போனவர்கள் ஒவ்வொருவராக நடக்கத் தொடங்க, நான் அதே மூச்சில் அவர்களைக் கடந்தேன். நேரம் 8 நிமிடம் 14 வினாடி என்றார்கள். அன்று மாலை தங்கைக்குப் போன் செய்தபோது அவள் முதலில் கேட்டது, "தரையிலதானேக்கா ஓடுன?" என்பதுதான்.