ரோஜாவுக்கு வெறும் சர்க்கரை போடாதீர்கள்

போன மாதம் கோயம்பேட்டில் வாங்கிய ஓசூர் ரோஜா மூன்றாம் நாளே தலை தொங்கிவிட்டது. மனசே கேட்கவில்லை. இந்த முறை 20 பூ உள்ள ஒரு கட்டு வாங்கி, நாலு நாலாகப் பிரித்து ஐந்து பாத்திரத்தில் வைத்தேன். முதலில் வெறும் தண்ணீர், இரண்டாவது சர்க்கரைத் தண்ணீர், மூன்றாவதில் ஒரு ஆஸ்பிரின் மாத்திரை, நாலாவது பாட்டி வைத்திருந்த செம்புச் சொம்பு. ஐந்தாவதுதான் நான் நம்பிய கலவை: 1 லிட்டர் தண்ணீரில் துணி வெளுக்கும் திரவ ப்ளீச் அரை டீஸ்பூன் விட்டுக் கலக்கி, அப்புறம் 2 டீஸ்பூன் சர்க்கரை, 2 டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு. ப்ளீச்சையும் எலுமிச்சையையும் தண்ணீர் இல்லாமல் நேரடியாகச் சேர்க்கவே கூடாது, நச்சு வாயு வரும்.

எல்லாத் தண்டையும் வாளித் தண்ணீருக்குள் முக்கி வைத்தே, அடியில் 2 செ.மீ. சாய்வாக வெட்டினேன். வெளியே வெட்டினால் தண்டின் குழாய்க்குள் காற்று புகுந்து தண்ணீர் ஏறாமல் அடைத்துக்கொள்ளும். தண்ணீரில் மூழ்கும் இலைகளையும் கிள்ளிவிட்டேன், அவைதான் முதலில் அழுகும்.

இரண்டாம் நாள் சர்க்கரைப் பாட்டில் கலங்கல். தண்டைத் தொட்டால் நறுக்கிய வெண்டைக்காய் மாதிரி வழவழப்பு. பூவுக்குப் போட்ட சர்க்கரையைப் பாக்டீரியா தின்று பெருகி, குழாயை அடைத்திருக்கிறது. மூன்றாம் நாள் காலை நாலு பூவும் கழுத்தை மடித்துவிட்டன.

அவற்றைத் தூக்கிப்போட எனக்கு மனம் வரவில்லை. அடியை மறுபடி வெட்டி, பூவோடு சேர்த்துச் செய்தித்தாளில் விறைப்பாகச் சுற்றி, கழுத்தளவு தண்ணீர் உள்ள வாளியில் நிறுத்தினேன். இரண்டு மணி நேரம் கழித்துப் பிரித்தால், மூன்று பூ நிமிர்ந்து நின்றது! அன்று முழுக்க அந்த மூன்றையும் போய்ப் போய்ப் பார்த்தேன்.

வெறும் தண்ணீரும் ஆஸ்பிரினும் நாலு நாள். எனக்கு இரண்டிலும் வித்தியாசம் தெரியவில்லை. செம்புச் சொம்பில் தண்ணீர் கடைசிவரை தெளிவாகவே இருந்தது, ஆனால் மொட்டு முழுதாக விரியாமல் ஐந்தாம் நாள் வாடியது. கிருமி இல்லை, சாப்பாடும் இல்லை, அவ்வளவுதான். சொம்பில் எலுமிச்சை விட்டுப் பார்க்கவில்லை, செம்பும் புளிப்பும் ஒத்துவராது.

கலவையில் இருந்தவை எட்டு நாள் நின்றன. இரண்டு நாளுக்கு ஒருமுறை புதிதாகக் கலந்து மாற்றினேன், ஒவ்வொரு முறையும் அடியைக் கொஞ்சம் வெட்டினேன். ஐந்தாம் நாள் பக்கத்தில் மாம்பழக் கூடை இருப்பதைக் கவனித்து, பூவை வேறு அறைக்கு மாற்றினேன். பழுக்கிற பழம் விடும் எத்திலீன் வாயு பூவைச் சீக்கிரம் முதிர வைக்கும். எட்டாம் நாள் வெளி இதழ் ஓரம் பழுப்பானது, நடு இதழ்கள் அப்போதும் பட்டாக இருந்தன.

ஐந்து பாத்திரத்தையும் சோப்புப் போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்திருக்கிறேன். அடுத்த வாரம் சம்பங்கி.