புது இடத்தில் ஒட்டாமல் நிற்கும்போது

குடிமாறிய பிறகு என்னை வாட்டுவது வேலையோ வீடோ இல்லை, சும்மா உட்கார்ந்து பேச ஒரு ஆள் இல்லாததுதான். எல்லோரும் சிரித்த முகமாகத்தான் இருக்கிறார்கள், ஆனால் அவர்களுக்குள் பல வருடப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது, நடுவில் வந்து கேட்கிற எனக்கு யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றே புரிவதில்லை. வீட்டில் தனியாக இருப்பதைவிட இது கொடுமை.

கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு ஆறுதல் தந்தது. சமீபத்தில் இடம் மாறியவர்களையும் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்களையும் வைத்துச் செய்தது. வெறும் அறிமுகம் சாதாரண நட்பாக மாறவே சுமார் 50 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டுமாம், நெருங்கிய நட்புக்கு 200 மணிக்கும் மேல்! அதிலும் சேர்ந்து வேலை பார்க்கிற நேரம் அவ்வளவாக உதவுவதில்லை, ஓய்வாகப் பொழுதுபோக்குவதுதான் நெருக்கத்தைக் கூட்டுகிறது. சரி, வாரத்துக்கு இரண்டு மணி நேரம் சந்தித்தால் 50 மணி சேரவே ஏறக்குறைய அரை வருடம். அப்புறம் முதல் மாதமே 'என்னை யாருக்கும் பிடிக்கவில்லை' என்று எப்படி முடிவு கட்டுவது?

அதனால் இடம் இடமாக அலையாமல் ஒரே குழுவுக்கு விடாமல் போகிறேன். ஏற்கெனவே அங்கே வேரூன்றியவர்களிடம் ஒரு வேண்டுகோள்: புதிதாக ஒருவர் நிற்கும்போது, பேசிக்கொண்டிருக்கும் கதையின் முன்பாதியை அவருக்கும் கொஞ்சம் சொல்லுங்கள்.