அம்மச்சியின் விரலும் ஐயாயிரத்து ஐநூறு ரூபாயும்

வீட்டில் முதியோர் பென்ஷன் வாங்குகிறவர் இருந்தால், அவருக்குப் பாஸ்புக் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். எங்களிடம் இருக்கவில்லை. 2020 ஜூலையில் நான்கு நடை அலைந்த பிறகுதான் அதன் அருமை தெரிந்தது.

மார்த்தாண்டம் பக்கம் எங்கள் ஊர். அம்மச்சி நாற்பது வருடம் அண்டி ஆபீஸில் முந்திரிக்கொட்டை உடைத்தவர். தோட்டு எண்ணெய் பட்டுப்பட்டு விரல் நுனி கறுத்து, ரேகையே மழுங்கிவிட்டது. அப்போது ஆயிரம் ரூபாயாக இருந்த பென்ஷனோ, வங்கி ஏஜெண்ட் கொண்டுவரும் கைமெஷினில் விரல் வைத்தால்தான் கிடைக்கும். முன்பெல்லாம் பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தால் எதிலாவது எடுத்துவிடும். ஊரடங்கில் ஏப்ரல் முழுக்க ஏஜெண்ட் வரவில்லை. அப்புறம் வந்தபோது, அம்மச்சியின் கையில் சானிடைசர் அடித்ததும் மெஷினை நீட்டினார். ஈர விரலை அது சுத்தமாக எடுக்கவில்லை. (துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு வைக்கச் சொல்லுங்கள்.) "பாட்டிக்கு ரேகை இல்ல, பேங்குல போய்ப் பாருங்க" என்று போய்விட்டார்.

ரேஷனில் குறை சொல்ல முடியாது. டோக்கன் வீட்டுக்கே வந்தது, கொரோனா நிவாரணம் ஆயிரம் ரூபாயும் அரிசியும் கிடைத்தன.

ஜூலையில் பஸ் கிடையாது. ஆட்டோவுக்குப் போகவர 300 ரூபாய். வங்கி வாசலிலேயே தடுத்து, "இந்த நேரத்துல வயசானவங்கள ஏன் கூட்டிட்டு வாறீங்க?" என்றார்கள். சரி என்று மறுநாள் பக்கத்து வீட்டு ஸ்கூட்டரில் நான் மட்டும் போனேன். "கணக்குக்காரங்க வராம எப்படி?" என்றார் அதே ஆள்! தாலுகா ஆபீஸில், பணம் மாதாமாதம் ஏறுகிறது என்ற ஒரு தகவலாவது கிடைத்தது. கூடவே, ஆதாரில் ரேகையைப் புதுப்பிக்கச் சொன்னார்கள். இல்லாத ரேகையை எங்கே கொண்டுபோய்ப் புதுப்பிப்பது?

நான்காவது நடையில் அம்மச்சியை ஆட்டோவிலேயே உட்கார வைத்துவிட்டு உள்ளே போய்ச் சண்டைக்கே நின்றேன். ஓரத்து கவுண்டரில் இருந்த அக்கா எழுந்து வந்து, "மெஷின் வேண்டாம், பணமெடுக்கிற சீட்டுல மை தொட்டு விரல் வைக்கட்டும். தெரிஞ்ச ரெண்டு பேர் சாட்சி போட்டா போதும்" என்றார். ஆட்டோக்கார அண்ணனுக்கும் அங்கே கணக்கு இருந்தது, அவர் ஒரு சாட்சி. இன்னொன்று அந்த அக்காவே. மைப்பெட்டியோடு ஆட்டோவுக்கே வந்தார். சீட்டில் விழுந்தது வெறும் கறுப்புப் பொட்டு. அதில் ரேகை எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

முதல் நாளே இதைச் சொல்லியிருக்கலாம்.

பாஸ்புக்கும் அன்றைக்கே அச்சடித்து வாங்கினேன். ஏப்ரல் முதல் ஜூலை வரை நாலாயிரம். இடையில் மூன்று ஐநூறு! அது ஜன்தன் கணக்காம். ஏப்ரல், மே, ஜூனில் பெண்களின் ஜன்தன் கணக்குகளுக்கு மத்திய அரசு போட்ட பணம் எங்களுக்குத் தெரியாமலே கிடந்திருக்கிறது. அம்மச்சி நோட்டுகளை இரண்டு தடவை எண்ணிவிட்டு, "இது ஆருக்க பைசா மக்ளே?" என்று கேட்டார்.

அக்டோபரில் ரேஷன் கடைக்கும் கைரேகை மெஷின் வந்தது. கார்டில் என் பெயரும் உண்டு, என் விரலை வைத்து வாங்கி வந்தேன்.