கேரட் தோட்டத்து நோக்கியா

பள்ளி நினைவு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று பள்ளி மலர் தயாரிக்கும் குழுவில் கேட்டதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது, திரை உடைந்துபோன ஒரு நோக்கியா 1100.

2007. பிளஸ் டூ படிக்கிறோம். நம் இயற்பியல் சாருக்கு நீலகிரியில் கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட் தோட்டம் இருந்தது. உறைபனிக் காலத்தில் விடிவதற்கு முன்பே ஸ்பிரிங்க்ளர் ஓடிப் பனியைக் கழுவிவிட வேண்டும். இல்லாவிட்டால் வெயில் ஏறியதும் இலை கருகிவிடும். தண்ணீர் இறைக்கும் மோட்டாரோ கீழே ஓடைப் பக்கம். டார்ச்சோடு நாலு மணிக்கு இறங்குவார். வழியில் காட்டெருமை நின்றால் அப்படியே திரும்பி வந்துவிடுவார். முதல் பீரியடில் அவர் முகத்தைப் பார்த்தாலே தெரியும், அன்று எருமை நின்றதா இல்லையா என்று.

ஒருநாள், "டேய், போன் பட்டனை அமுக்கினா ஒவ்வொண்ணுக்கும் ஒரு சத்தம் வருதே, அதை வெச்சு மோட்டார் போட முடியாதா?" என்றார். அவருக்கு விடை தெரியும். எங்களை வேலை வாங்கத்தான் கேட்டார்.

1-ஐ அழுத்தினால் 697, 1209 ஹெர்ட்ஸ் என்று இரண்டு ஒலிகள் சேர்ந்து போகும். எம்.டி. 8870 என்ற ஐ.சி. (சின்ன மின்னணுச் சில்லு) அதைக் கேட்டு, எந்த எண் என்று நான்கு கால்களில் சொல்லும். அடுத்த எண் வரும்வரை அதையே பிடித்து வைத்திருக்கும். ஆகவே முதல் காலில் ஒரு டிரான்சிஸ்டரும், மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சான ரிலேயும் போதும். மோட்டார் பக்கத்தில் இருக்கும் போனை வீட்டிலிருந்து அழைத்து, 1 அழுத்தினால் ஓடும், 2 அழுத்தினால் நிற்கும். ஐ.சி.யைக் கோயம்புத்தூரில் வாங்கினோம். போன் என் மாமாவுடையது. ஹெட்செட் செருகியிருந்தால் அதுவே அழைப்பை எடுத்துக்கொள்ளும் வசதி அதில் இருந்தது. ஹெட்செட்டில் காதுக்குப் போகும் வயரை வெட்டி ஐ.சி.க்குக் கொடுத்தோம். மைக்கை மட்டும் வெட்டாமல் மோட்டார் பக்கத்தில் தொங்கவிடச் சொன்னார் சார். மோட்டார் ஓடுகிற சத்தத்தை வீட்டிலிருந்தே கேட்கலாமே!

முதல் வாரமே ரிலே முனைகள் ஒட்டிக்கொண்டு மோட்டார் நிற்கவே இல்லை. ஒரு எச்.பி. மோட்டாரை அந்தச் சின்ன ரிலேயில் நேரடியாக மாட்டியது எங்கள் முட்டாள்தனம். நடுவில் ஒரு கான்டாக்டர், அதாவது மோட்டாரின் பாரத்தைத் தாங்கும் பெரிய சுவிட்ச், வைத்ததும் சரியானது. அப்புறம் இன்னொரு கூத்து. நடுப்பகலில் தானாகத் தண்ணீர் பாய்ந்தது. பார்த்தால், ஏதோ விளம்பர அழைப்பு. அதில் வந்த பாட்டை ஐ.சி. எண் என்று நினைத்திருக்கிறது! "அதோட காதைக் கொஞ்சம் மந்தமாக்குங்கடா" என்றார் சார். ஒலி எவ்வளவு நேரம் வந்தால் எண் என்று நம்புவது என்பதைத் தீர்மானிக்கும் 300 கிலோ ஓம் ரெசிஸ்டரை எடுத்துவிட்டுப் பெரிதாக ஒன்று போட்டோம். ஒலி சற்று நீண்டு வந்தால்தான் நம்பும். அதன்பிறகு பாட்டுக்கு அது மசியவில்லை. பட்டனை நன்றாக அழுத்திப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

தொந்தரவு கொடுத்தது பேட்டரிதான். நாள் முழுக்க சார்ஜரிலேயே கிடந்து உப்பிப்போய் மூடியைத் தள்ளிவிட்டது. பிறகு டைமர் வைத்துப் பகலில் இரண்டு மணி நேரம் மட்டும் சார்ஜ் ஏற்றினோம். லித்தியம் பேட்டரியைப் பூச்சியத்துக்குக் கீழே போன குளிரில் சார்ஜ் போடவும் கூடாது. பழைய போனை இப்படிப் பயன்படுத்த நினைப்பவர்கள் இதை மட்டுமாவது கவனியுங்கள்.

2017 ஏப்ரலில், நான் இருந்த சிங்கப்பூரில் பழைய பட்டன் போன்கள் நம்பியிருந்த 2ஜி அலைவரிசைச் சேவையை நிறுத்தினார்கள். என் அறையில் இருந்தவர்களின் பட்டன் போன்கள் ஒரே நாளில் பொம்மையாகிவிட்டன. மூன்றை வாங்கிப் பையில் போட்டு ஊருக்குக் கொண்டுபோனேன். மலையில் 2ஜி உயிரோடுதான் இருந்தது. மாமாவின் போனில் ஹெட்செட் துளை தளர்ந்து போயிருந்ததால் அதற்குப் பதில் ஒன்றை மாட்டினோம். மற்ற இரண்டையும் சார் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டார்.

அந்தத் தோட்டத்துப் போனின் நம்பர் இன்னும் என்னிடம் இருக்கிறது. தூக்கம் வராத இரவுகளில் அழைப்பேன். தானாக எடுக்கும், ஓடைச் சத்தம், பூச்சிச் சத்தம், சில நாள் மோட்டார் இரைச்சல். 1-ஐ மட்டும் தொடுவதில்லை. ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தண்ணீர் பாய்ந்தால் யார் வேலை என்று சாருக்கு உடனே தெரிந்துவிடும்.