கருத்தரங்க வாரத்தில் உரைக்கு ஒரு படம் போதும்

முதுகலை இயற்பியல் முதலாண்டில் எங்கள் பல்கலைக்கழகத்தில் அறிவியல் கருத்தரங்க வாரம் நடந்தது. திங்கள் முதல் வெள்ளி வரை, நாளுக்கு நான்கு உரைகள். இருபதையும் விடாமல் கேட்பது என்று உட்கார்ந்தேன். பேசுபவர் சொல்வதையெல்லாம் எழுத முயல்வேன், ஏதோ ஒரு புரியாத சொல்லில் மாட்டிக்கொள்வேன், அதற்குமேல் எதுவும் காதில் ஏறாது. செவ்வாய் மாலை நோட்டில் பதினெட்டுப் பக்கம் சேர்ந்திருந்தது. அதில் ஒரு பக்கத்தைக்கூட இன்னொருவருக்கு விளக்க என்னால் முடியவில்லை.

எங்கள் துறையில் முனைவர் பட்டம் செய்துகொண்டிருந்த ஓர் அக்கா அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தார். "எல்லாத்தையும் எழுதாதே. ஒரு உரைக்கு ஒரே ஒரு படம் எடுத்துக்கோ. ரெண்டு அச்சுலயும் என்ன இருக்கு, அலகு என்னன்னு எழுது. அப்புறம் அந்தப் படத்தை மட்டும் பிடிச்சுக்கிட்டுக் கேளு" என்றார்.

புதன்கிழமை ஈர்ப்பலைகள் பற்றிய உரை. விண்வெளியில் மிகக் கனமான பொருள்கள் மோதும்போது வெளியையே நெளியவைத்துப் பரவும் அலைகள் அவை. 2015 செப்டம்பர் 14 அன்று லைகோ (LIGO) என்ற ஈர்ப்பலை உணர்கருவிகள் முதன்முதலாகப் பிடித்த அலையின் வரைபடம் திரையில் வந்தது. கிடை அச்சில் நேரம், எல்லாம் 0.2 நொடிக்குள் முடிந்துவிடுகிறது. செங்குத்து அச்சில் நீளம் எந்த விகிதத்தில் மாறியது என்பது. 4 கிலோமீட்டர் தள்ளி நிற்கும் கண்ணாடிகளுக்கு நடுவே உள்ள தூரம், ஒரு புரோட்டானின் விட்டத்தைவிடப் பல நூறு மடங்கு சிறிய அளவுக்கு மாறியிருக்கிறது. அச்சைப் படிக்காமல் விட்டிருந்தால் எனக்கு அது வெறும் நெளிகோடுதான்.

அமெரிக்காவில் ஹான்ஃபோர்ட், லிவிங்ஸ்டன் என்ற இரண்டு இடங்களில் அந்த அலை பதிவானது. ஒரு கோட்டைத் தலைகீழாக்கி, 6.9 மில்லி நொடி நகர்த்தி, மற்றதன் மேல் வைத்துக் காட்டினார்கள். அந்த எண்ணை வட்டமிட்டு வைத்தேன். கேள்வி நேரத்தில் எழுந்து, "6.9 எங்கிருந்து வந்தது?" என்று கேட்டேன். பேசியவர் பலகைக்குப் போய் முக்கோணம் ஒன்று வரைந்தார். இரண்டு இடங்களுக்கும் இடையே ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். ஈர்ப்பலையும் ஒளி வேகத்தில்தான் போகும், அதைக் கடக்க 10 மில்லி நொடி. அலை அந்த இரண்டு இடங்களையும் இணைக்கும் கோட்டின் வழியே வந்திருந்தால் வித்தியாசம் 10, கோட்டுக்குச் செங்குத்தாக வந்திருந்தால் 0. இப்போது 6.9 என்றால் சாய்வாக வந்திருக்கிறது. வானில் அது எந்தப் பக்கமிருந்து வந்தது என்று தேட இந்த வித்தியாசம்தான் முதல் பிடி. அந்த வாரத்தில் நான் முழுசாகப் புரிந்துகொண்ட முதல் விஷயம் அது.

வேறு துறை உரை ஒன்றுக்காவது கட்டாயம் போங்கள். நான் போனது உயிரியல் உரைக்கு. அங்கே சராசரியைக் காட்டும் ஒவ்வொரு புள்ளியிலும், மதிப்பு எவ்வளவு முன்பின் போகலாம் என்று காட்டும் பிழைப் பட்டை இருந்தது. அது திட்ட விலக்கமா (தரவு எவ்வளவு பரவிக் கிடக்கிறது), சராசரியின் திட்டப் பிழையா (சராசரியே எவ்வளவு தவறியிருக்கலாம்) என்று ஒரு மாணவி கேட்டார். சின்னக் கேள்வி மாதிரித் தெரியும். ஆனால் திட்டப் பிழை என்பது திட்ட விலக்கத்தை மாதிரிகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்து வருவது. 25 மாதிரிகள் இருந்தால் பட்டை ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும், பார்ப்பவருக்குத் தரவு ரொம்ப நெருக்கமாக இருப்பதுபோல் தோன்றும். அன்றிலிருந்து பட்டை போட்ட எந்தப் படத்தைப் பார்த்தாலும் முதலில் அடிக்குறிப்பைத்தான் தேடுகிறேன்.

எத்தனை உரை கேட்பது? என் கணக்கில் நாளுக்கு இரண்டு. முந்தைய நாள் இரவே உரைச் சுருக்கத்தைப் படித்து, தெரியாத இரண்டு சொற்களுக்கு மட்டும் பொருள் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் பத்து நிமிடம் பெரும்பாலும் எல்லோருக்கும் புரியும்படிதான் பேசுவார்கள், அதனால் தாமதமாகப் போகாதீர்கள். கேள்வி கேட்கத் தயக்கமாக இருந்தால், "அந்தப் படத்துக்குத் திரும்பப் போக முடியுமா?" என்று தொடங்குங்கள். படம் திரையில் வந்துவிட்டால் பேச்சும் தானாக வரும். அன்றிரவே மூன்று வரி எழுதிவிடுங்கள்: என்ன கேள்வி, எப்படி அளந்தார்கள், எது இன்னும் தெரியவில்லை. மறுநாளுக்குத் தள்ளினால் மூன்றாவது வரிதான் முதலில் மறந்துபோகிறது.

சந்தேகம் மிச்சமிருந்தால் பேசியவருக்கே மின்னஞ்சல் அனுப்பலாம். எந்தப் படம் என்று குறிப்பிட்டு, ஒரே ஒரு கேள்வி. நான் மூன்று பேருக்கு எழுதினேன், இருவர் பதில் போட்டார்கள். ஈர்ப்பலை பற்றிப் பேசியவர், அந்தத் தரவு பொதுவில் கிடைக்கிறது, நீங்களே இறக்கிப் பாருங்கள் என்று எழுதியிருந்தார். விடுமுறையில் இறக்கினேன். இரைச்சலை வடிகட்டவே நான்கு நாள் ஆனது. அப்புறம் ஒரு கோட்டைத் திருப்பி, 6.9 மில்லி நொடி நகர்த்தினேன். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போய் உட்கார்ந்தன.