உயரத்துக்கு முன் இடைவெளியைப் பாருங்கள்

சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் அலைச்சறுக்கு பழகத் தொடங்கிய முதல் ஆண்டில், புதுச்சேரிக் கடலில் மிதக்கும் அலை மிதவையின் அளவீட்டை நாள்தோறும் பார்த்துவந்தேன்; ஆனால் அலை உயரம் என்ற ஒரே எண்ணைத் தவிர வேறெதையும் கவனிக்கவில்லை. டிசம்பரில் ஒருநாள் 1.8 மீட்டர் என்று கண்டு, விடியும் முன்பே பலகையுடன் கரைக்குப் போனேன். வாடைக்காற்றில் கலங்கிக் கிடந்த கடலில், ஒன்றன்மேல் ஒன்று விழுந்து நொறுங்கிய அலைகளில் ஒன்றின்மீதுகூட எழுந்து நிற்க முடியவில்லை. அடுத்த மே மாதத்தில், வெறும் 0.9 மீட்டர் காட்டிய ஒரு காலையில், அந்த ஆண்டிலேயே மிகச் சிறந்த அலைகள் வந்தன. வீடு திரும்பி இரண்டு நாள்களின் பதிவுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் அடுத்த கட்டத்திலிருந்த எண் கண்ணில் பட்டது: டிசம்பரில் 6 நொடி, மே மாதத்தில் 14 நொடி.

ஒரு முகடு கடந்தபின் அடுத்த முகடு வந்து சேர ஆகும் நேரமே இந்த இடைவெளி. ஆழ்கடலில் இதன் வர்க்கத்தை 1.56ஆல் பெருக்கினால் அலையின் நீளம் மீட்டரில் கிடைக்கும். 6 நொடி அலைக்கு நீளம் சுமார் 56 மீட்டர். 14 நொடி அலைக்கோ 300 மீட்டருக்கும் மேல். தன் நீளத்தில் பாதி அளவு ஆழத்துக்கு வந்ததும் அலை கடலடியை உணரத் தொடங்குகிறது என்பதால், முதல் அலை 28 மீட்டர் ஆழம் வரும்வரை எதையும் அறியாமல் வருகிறது. இரண்டாவது அலை 150 மீட்டர் ஆழத்திலேயே வேகம் குறைந்து, திசை வளைந்து, கரையை நெருங்க நெருங்க உயர்ந்து எழுகிறது. ஆற்றலை மட்டும் கணக்கிட்டால் அந்த டிசம்பர் கடலே வலியது. ஆனால் சறுக்குபவருக்குத் தேவை ஒழுங்கு. மே மாதக் காலைகளில் கரையிலிருந்து கடல் நோக்கி வீசும் மேற்குக் காற்றான கச்சான், அலையின் முகத்தை நிமிர்த்திப் பிடிப்பதும் அந்த ஒழுங்குக்குத் துணையாகிறது.

உயரம் என்று காட்டப்படும் எண்ணும் நாம் நினைப்பது அன்று. ஐதராபாத்திலுள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் நம் கரையோரம் நிறுத்தியிருக்கும் இவ்வகை மிதவைகள் மஞ்சள் நிறப் பந்துகள். நங்கூரத்தோடு நீளும் ரப்பர்க் கயிற்றால் பிணைக்கப்பட்டு, அலையோடு தடையின்றி ஏறி இறங்கக்கூடியவை. உள்ளிருக்கும் கருவி முடுக்கத்தை அளக்க, அதிலிருந்து ஏற்ற இறக்கம் கணக்கிடப்படுகிறது. கிடைக்கும் உயரம், அந்த நேரத்து அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கின் சராசரிக்கு ஈடானது. இரண்டாம் உலகப் போரின்போது கடலியல் அறிஞர்கள் ஸ்வெர்ட்ரப்பும் மங்க்கும் வகுத்த அளவு இது. பழகிய கண்ணுக்குக் கடல் எவ்வளவு உயரமாகத் தெரியுமோ, ஏறத்தாழ அதுதான். ஆகவே 1 மீட்டர் என்று காட்டும் நாளில், அதைப்போல் இரு மடங்கு உயர அலை எப்போதாவது ஒன்று வரும் என்பதைப் பலகையோடு இறங்கும் ஒவ்வொருவரும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

பலரைக் குழப்புவது வேறொன்று. கடலில் ஒரே நேரத்தில் இரண்டு கடல்கள் இருக்கலாம்: அருகில் வீசும் காற்று எழுப்பிய குற்றலைகளும், தொலைதூரப் புயல் அனுப்பிய நெட்டலைகளும். 1.2 மீட்டர் குற்றலையோடு 0.5 மீட்டர் நெட்டலை சேர்ந்தால், மிதவை 1.7 என்று காட்டாது. இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் வரும் 1.3ஐயே காட்டும். நமக்கு வேண்டிய நெட்டலை அந்த எண்ணுக்குள் மறைந்துவிடுகிறது. இரண்டும் ஏறத்தாழச் சம வலுவுடன் இருக்கும் நாள்களில், முதன்மை இடைவெளி ஒரு பதிவில் 6 நொடியாகவும் அடுத்த பதிவில் 13 நொடியாகவும் தாவும். கருவி பழுதென்று நானும் முதலில் எண்ணினேன். பழுதில்லை, அந்தந்தப் பதிவில் எது சற்று ஓங்கியதோ அதையே அது சொல்கிறது.

திசை என்பது அலை எங்கிருந்து வருகிறது என்பதைக் குறிக்கும். நம் கரைக்கு இதில் ஒரு தனிக் கணக்கு உண்டு, ஏனெனில் தெற்கே இலங்கை மறைத்து நிற்கிறது. புதுச்சேரியிலிருந்து இலங்கையின் கிழக்கு ஓரத்துக்குக் கோடு போட்டால் அது வடக்கிலிருந்து வலஞ்சுழியாக எண்ணினால் சுமார் 158 பாகையில் அமையும். தென்மேற்கிலிருந்து வரும் நெட்டலைகளில் தீவின் ஓரத்தைச் சுற்றி வளைந்து சிதறிய பகுதிதான் நமக்குக் கிடைக்கிறது. இலங்கையின் கிழக்குக் கரையில் அலைச்சறுக்குக்குப் பேர்போன அருகம்பே அதிரும் நாளிலும் கோவளம் அடங்கியிருப்பதற்கு இது ஒரு காரணம்.

நான் இப்போது மிகவும் விரும்பித் தேடுவது நெட்டலையின் முன்னோடிகளை. அண்டார்க்டிக்காவைச் சூழ்ந்த தென்கடலில் எழும் 16 நொடி அலைகளின் ஆற்றல் மணிக்கு 45 கிலோமீட்டர் அளவில் நகர்கிறது. நம்மை அடைய ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். இடைவெளி நீண்ட அலைகள் விரைவாகச் செல்வதால் அவையே முதலில் வந்து சேர்கின்றன. மொத்த உயரம் சிறிதும் மாறாத ஒரு மாலையில், அலைகளை இடைவெளி வாரியாகப் பிரித்துக் காட்டும் வரைபடத்தின் ஓரத்தில், 18 நொடிக்கு அருகே சின்னஞ்சிறு மேடு ஒன்று தோன்றும். மறுநாள் அது 16 நொடிப் பக்கம் நகர்ந்து சற்று உயர்ந்திருந்தால், பலகைக்கு மெழுகு தேய்த்து வாசலருகே வைத்துவிடுகிறேன்.